மஸ்கட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாட முடியுமா?

பெங்களூருவில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள், கணவருக்கு ஓமான் தலைநகர் மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது, முஸ்லிம் நாட்டில் பண்டிகை கொண்டாட விடுவார்களா என்று மாமியார் பயப்படுகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். 2010 முதல் 2018 வரை ஒன்பது கிறிஸ்துமஸ் அங்கே கொண்டாடிவிட்டு பெங்களூரு லிங்கராஜபுரத்துக்குத் திரும்பியவள் நான். மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். தேவாலயம் இருக்கிறது, தமிழிலேயே ஆராதனை இருக்கிறது. நீங்கள் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டியது வேறொன்றுக்கு: டிசம்பர் 25 அங்கே வேலை நாள்.

'முஸ்லிம் நாடு' என்று ஒரே சொல்லில் அடக்கினால் எதுவும் விளங்காது. இந்தோனேசியா, மலேசியா, வங்கதேசம், ஜோர்டான் ஆகிய நாடுகளில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை. ஈராக் நாடாளுமன்றம் 2020இல் அதை நாடு முழுவதற்கும் விடுமுறையாக்கியது. சவுதி அரேபியாவிலோ தேவாலயக் கட்டடமே கிடையாது. உங்களுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஓமான் இவற்றுக்கு நடுவில் நிற்கிறது. விடுமுறை இல்லை, வழிபாட்டுக்குத் தடையும் இல்லை.

எங்கள் முதல் கிறிஸ்துமஸ் 2010இல் சனிக்கிழமை வந்தது. அப்போது ஓமானில் வார விடுமுறை வியாழனும் வெள்ளியும் (2013 மே மாதத்திலிருந்துதான் வெள்ளி, சனி என்று மாறியது). ஆகவே சனி என்பது வாரத்தின் முதல் வேலை நாள். என் கணவர் விடுப்புக் கேட்டார், நிறுவனத்தில் கொடுக்கவில்லை. காலை ஆறு மணிக்குப் புதுச் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலைத்தளச் சீருடையில் கிளம்பினார். பெங்களூரு காக்ஸ் டவுனில் வளர்ந்த எனக்கு அந்த நாளின் அமைதியைத் தாங்க முடியவில்லை. எங்கள் தெருவில் டிசம்பர் முழுவதும் நள்ளிரவு தாண்டிக் கேரல் குழுவினர் வந்து கதவைத் தட்டுவார்கள், அம்மா தூக்கக் கலக்கத்தோடு காபி போடுவார். மஸ்கட் அடுக்குமாடியில் மின்தூக்கியின் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. பெரியவன் "இன்றைக்குத்தான் கிறிஸ்துமஸா அம்மா?" என்று இரண்டு முறை கேட்டான்.

அன்றைக்கு என்னைத் தூக்கி நிறுத்தியது ஒரு பித்தளைப் பாத்திரம். அந்த ஆண்டு பக்ரீத் நவம்பர் நடுவில் வந்திருந்தது. எதிர்வீட்டு ஓமானிய அம்மாள் அதில் ஷுவா கொடுத்தனுப்பியிருந்தார். மசாலா தடவிய இறைச்சியை இலையில் சுற்றி, மண்ணுக்கடியில் தணல் குழியில் புதைத்து, ஒரு நாளுக்கு மேல் வேகவிட்டு எடுப்பார்கள். எலும்பைத் தொட்டாலே சதை கழன்று வரும். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது என் அம்மா வைத்த பழக்கம். அவருக்கு என்ன செய்து கொடுப்பது என்று ஒரு மாதமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். அன்று காலை குல்குல் என்ற கிறிஸ்துமஸ் இனிப்புக்கு மாவு பிசைந்தேன். மாவைச் சுண்டைக்காய் அளவுக்குக் கிள்ளி, எண்ணெய் தடவிய முள்கரண்டியின் முதுகில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி இழுத்தால் வரி வரியாகச் சுருண்டு விழும். பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்து முந்நூறுக்கு மேல் சுருட்டினார்கள். பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டி, பாத்திரம் நிறைய எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் பேரம் பேசிக் கற்ற என் உருதுவும், மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான மத்ராவில் வளர்ந்த அவருடைய இந்தியும் ஒன்றுக்கொன்று போதுமானவையாக இருந்தன. என்ன பண்டிகை என்று கேட்டார். ஈஸா நபி (முஸ்லிம்கள் இயேசுவை அப்படித்தான் அழைப்பார்கள்) பிறந்த நாள் என்றேன். என்னை உள்ளே உட்கார வைத்து ஏலக்காய் மணக்கும் அரபுக் காபியான கஹ்வா ஊற்றிக் கொடுத்தார். மாலையில் அதே பாத்திரம் பேரீச்சம்பழங்களோடு திரும்பி வந்தது. "மர்யமுக்குக் கிடைத்தது இதுதான்" என்றார். குர்ஆனில் 19ஆம் அத்தியாயம் மரியாளின் பெயரில் இருக்கிறது. பிரசவ வலியில் அவர் பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கியதையும், மரத்தை உலுக்கினால் கனிந்த பழங்கள் உதிரும் என்று குரல் கேட்டதையும் அது சொல்கிறது. முப்பது வயது வரை எனக்கு இது தெரியாது. பக்கத்துத் தெருவிலேயே மசூதி இருந்த பேட்டையில் வளர்ந்தும் தெரியாது. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அந்தப் பாத்திரம் அதற்குப் பிறகு ஒருபோதும் வெறுமையாகக் கதவைத் தாண்டவில்லை. 2015இல் மீலாது நபியும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வந்தன, கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமை விழுந்தது. இரண்டு வீட்டுச் சமையலையும் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தேவாலயம் மஸ்கட்டின் ருவி பகுதியில் இருக்கிறது. சுல்தான் காபூஸ் வழங்கிய நிலத்தில், கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் சபையார், ஆர்த்தடாக்ஸ் சபையார் என்று பலரும் ஒரே பகுதியில் வழிபடுகிறார்கள். நகரின் இன்னொரு பகுதியான காலாவிலும் தேவாலயங்கள் உண்டு. மலையாளம், தமிழ், கொங்கணி, ஆங்கிலம், பிலிப்பைன்ஸ் மக்களின் தகலோக் என்று ஒரு மொழியின் ஆராதனை முடிந்து மக்கள் வெளியேறும்போதே அடுத்த மொழிக்காரர்கள் உள்ளே நுழைவார்கள். சிவாஜிநகர் செயின்ட் மேரி பசிலிக்காவில் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் மாறி மாறிக் கேட்டுப் பழகிய பெங்களூருக்காரருக்கு இது புதிதாகவே இருக்காது.

அங்கே நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆண்டு 24ஆம் தேதி இரவு, கன்னியாகுமரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் தொழிலாளர் முகாம் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். காலணியில் சிமெண்ட் காய்ந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சுவரோரக் குழாயில் முகமும் கையும் கழுவி, பையிலிருந்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் எடுத்து உடுத்திக்கொண்டு உள்ளே போனார். குடும்பத்தை அழைத்துவரும் வசதி நமக்கு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு இல்லை. மறு ஆண்டிலிருந்து கிறிஸ்துமஸ் மாலையில் முகாமிலிருந்து ஏழெட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்துப் பிரியாணி போட்டோம். நீங்களும் செய்யுங்கள். பிள்ளைகளின் ஏக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன். வீடு நிறைய மாமாக்கள் வந்துவிட்டால் பண்டிகை தானாக வந்துவிடும்.

விதிகளையும் சொல்லிவிடுகிறேன். வழிபாட்டுக் கூட்டங்களுக்கு அரசு அனுமதித்த வளாகங்கள் உண்டு. அவற்றுக்கு வெளியே நடத்தக் கூடாது. ஆகவே வீடு வீடாகக் கேரல் பாடிப் போவதை மறந்துவிடுங்கள். பாட்டெல்லாம் தேவாலய வளாகத்துக்குள்தான். முஸ்லிம்களிடம் மதப் பிரசாரம் செய்வதும் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும் குற்றம். நட்சத்திர விளக்கை நாங்கள் ஜன்னலுக்கு உட்புறம் மாட்டினோம். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்போது நவம்பர் 18இல் வந்த தேசிய நாளுக்கு நகரம் முழுவதும் போட்ட விளக்கு அலங்காரத்தைப் பார்த்து, கிறிஸ்துமஸுக்குத்தான் என்று என் சின்னவள் சில ஆண்டுகள் நம்பியிருந்தாள். மரம், மணி, கேக் எல்லாம் பெரிய கடைகளில் கிடைக்கும்.

கேக்குக்கு ரம் தேடி அலையாதீர்கள். மது வாங்க உரிமம் வேண்டும், அந்தச் சிரமம் தேவையே இல்லை. கறுப்புத் திராட்சைச் சாற்றில் இரண்டு கரண்டி பேரீச்சம்பழப் பாகு கலந்து, உலர்பழங்களை ஒரு வாரம் குளிர்பெட்டியில் ஊறவைத்தேன். சர்க்கரையைக் கருக விட்டுச் சேர்த்தால் நிறமும் வந்துவிடும். ரம் இல்லாததால் எதிர்வீட்டாருக்கும் தயக்கமின்றிக் கொடுக்க முடிந்தது. பெங்களூருக்கு வந்த பிறகும் இதே முறையில்தான் செய்கிறேன்.

இன்னொன்று. சிறுமியாக இருந்தபோது ஞாயிறு பள்ளி நாடகத்தில் நான் மூன்று ஞானிகளில் ஒருவராக வந்தேன். பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்ற மூன்றில் எனக்குத் தூபவர்க்கம். அதாவது ஜிகினாத் தாள் ஒட்டிய காலி டப்பா. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று ஆசிரியைக்கும் தெரியவில்லை. அந்தத் தூபவர்க்கம் விளையும் மண் ஓமானின் தெற்கில் உள்ள தோஃபார். மரப்பட்டையைக் கீறிவிட்டால் பால் கசிந்து, சில நாட்களில் துளித் துளியாக உறைந்து நிற்கும். அரபியில் லுபான், நாம் குந்திரிக்கம் என்கிறோம். பைபிள் காலத்துக்கும் முன்பிருந்தே ஒட்டகங்களிலும் கப்பல்களிலும் உலகெங்கும் போன சரக்கு அது. அந்த வணிகத் தடங்களை யுனெஸ்கோ 2000இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மத்ரா சூக்கில், அதாவது கடைவீதியில், சாக்குகளில் குவித்து வைத்திருப்பார்கள். என் மகன் ருவி நாடகத்தில் ஞானியாக வந்தபோது, எதிர்வீட்டு அம்மாளே எங்களைச் சூக்குக்கு அழைத்துப்போய், லேசான பச்சை படிந்த உயர்ந்த ரகமாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கித் தந்தார். தன் வீட்டு மண் தூபக்காலையும் கொடுத்தார். அவன் புகையும் தூபக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண் எரிந்தும் கசக்காமல், தொட்டில்வரை நடந்து போனான்.

நீங்கள் போனதும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று டிசம்பர் வருவதற்கு முன்பே போய்த் தெரிந்துகொள்ளுங்கள். 24ஆம் தேதி மாலை ருவிக்குக் காரில் போவதென்றால் ஆராதனைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், தாமதித்தால் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. மாமியாரை ஒரு டிசம்பரில் வருகையாளர் விசாவில் அழைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது அவர் பெட்டியில் கால் கிலோ லுபான் வைத்து அனுப்புங்கள்.