21 எழுத்துத் துண்டு ஒன்றின் பயணம்

வணக்கம்.

பெட்டூனியாப் பூ வெளுத்துப்போன கதையை நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். நிறம் கூடட்டும் என்று கூடுதலாக ஒரு நிற மரபணுவைக் கொடுத்தால், இருந்த நிறமும் போய்விட்டது என்பதும், அதற்குக் காரணம் குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ. துண்டுகள் என்பதும் புரிந்தது. ஆனால் கடைசியில், மரபணு இப்படி அடங்கிப்போவதை மௌனம் என்று சொல்லி, "இந்த மௌனம் ஒரு இலையிலிருந்து இன்னொரு இலைக்கும் பரவும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்குச் சிக்கல் அங்கேதான். செடிக்கு நரம்பு மண்டலம் கிடையாது, மூளை கிடையாது. கீழ் இலை அனுப்பும் செய்தியை மேல் இலை எப்படிப் புரிந்துகொள்கிறது? "செடிகள் பேசுகின்றன" என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். இதுவும் அப்படி அழகுக்குச் சொல்வதுதானா? இன்னொன்று, மௌனமான மரபணு செத்துப்போய்விடுகிறதா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

அந்த ஒற்றை வரியோடு நான் நிறுத்தியிருக்கக் கூடாது. இந்தத் துறையில் என்னை அதிகம் இழுத்ததே நீங்கள் சிக்கிக்கொண்ட அந்த இடம்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மரபணு சாவதில்லை. 1990-இல் வெளியான அந்தப் பெட்டூனியா ஆய்வில், கூடுதல் மரபணு ஏறிய செடிகளில் 42 சதவீதம் முழு வெள்ளைப் பூவோ, வெள்ளை கலந்த பூவோ பூத்தன. வெளுத்த பூக்களில் அந்த நிற நொதிக்கான தூது ஆர்.என்.ஏ., அதாவது புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுக்கும் நகல், 50 மடங்கு குறைந்திருந்தது. ஆனால் சில செடிகளில் நிறம் பிறகு திரும்பி வந்தது, தூது ஆர்.என்.ஏ.வும் கூடவே ஏறியது. செத்துப்போன மரபணுவாக இருந்தால் இது நடந்திருக்காது. மரபணு தன் இடத்தில் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து நகல் எடுக்கும் வேலையும் நடக்கிறது. எடுத்த நகல் புரதமாவதற்குள் வெட்டுப்பட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த வெட்டு எப்படி விழுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் பயணமும் புரியும். தூது ஆர்.என்.ஏ. ஒற்றை இழை. செல்லுக்குள் நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ. தென்பட்டால், வைரஸ் வந்துவிட்டது என்பது போலத்தான் செடி நடந்துகொள்கிறது. செடிகளைத் தாக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை ஆர்.என்.ஏ.வால் ஆனவை, பெருகும்போது இப்படி இரட்டை இழையை உண்டாக்குபவை. டைசர் வகை நொதிகள் அந்த இழையை அளந்து நறுக்குகின்றன. 21, 22 அல்லது 24 எழுத்து நீளத்தில் துண்டுகள் விழும் (எழுத்து என்பது ஆர்.என்.ஏ. இழையில் வரிசையாக வரும் ஏ, யு, ஜி, சி என்ற நான்கு வேதி அலகுகளில் ஒன்று). ஒவ்வொரு துண்டிலும் ஒரு இழையை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் எதிரில் வரும் தூது ஆர்.என்.ஏ.க்களோடு அதை ஒட்டிப் பார்க்கிறது. ஏ-க்கு எதிரே யு, ஜி-க்கு எதிரே சி என்று வரிசை பொருந்தினால் வெட்டு. அது விழும் இடம்கூட மாறாது: துண்டின் 10-ஆம் எழுத்துக்கும் 11-ஆம் எழுத்துக்கும் எதிரே.

சரி, "மேல் இலை எப்படிப் புரிந்துகொள்கிறது?" என்ற கேள்விக்கு வருகிறேன். செய்தி என்று நினைத்தால் அதைப் படிக்க ஒரு ஆள் தேவைப்படுகிறது. நான் இதை மாதிரித் துண்டு என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு துணியின் ஓரத்தைக் கத்தரித்துக் கையில் கொடுத்து, "இதே துணி எங்கே இருந்தாலும் எடுத்துப் போடு" என்று அனுப்புகிறோம். தேடுபவருக்கு அந்தத் துணி யார் நெய்தது, எதற்கு வேண்டாம் என்றெல்லாம் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

21 எழுத்து அதற்குப் போதுமா என்ற சந்தேகம் எனக்கும் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கே எழுத்துகளைக் கொண்டு 21 எழுத்து நீளத்தில் அமைக்கக்கூடிய வரிசைகள் 4 லட்சம் கோடிக்கும் மேல். ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் அராபிடாப்சிஸ் செடியின் மொத்த டி.என்.ஏ.வே சுமார் 13.5 கோடி எழுத்துதான். அப்படியென்றால் ஒரு துண்டு தற்செயலாக வேறொரு மரபணுவோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துவது அரிது. துண்டே முகவரியாகவும் இருக்கிறது.

இது வெறும் வாதமில்லை, கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1997-இல் வுவானே, பால்கூம் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை அது. புகையிலைக்கு உறவான ஒரு சிறு செடியில், ஜெல்லிமீனின் பச்சை ஒளிப் புரதத்துக்கான மரபணுவை முன்பே ஏற்றியிருந்தார்கள். புற ஊதா விளக்கில் அந்தச் செடி முழுக்கப் பச்சையாக ஒளிரும். அதன் கீழ் இலை ஒன்றில் மட்டும் அதே மரபணுவை பாக்டீரியா மூலம் மறுபடியும் செலுத்தினார்கள். சில வாரங்கள் கழித்து விளக்கடியில் வைத்துப் பார்த்தால், யாரும் தொடாத மேல் இலைகளில் நரம்போரமாகச் சிவப்புக் கோடுகள். பச்சை ஒளிப் புரதம் இல்லாமல் போன இடத்தில் பச்சையத்தின் இயல்பான சிவப்பு ஒளி தெரியத் தொடங்கியிருந்தது. முதலில் பெரிய நரம்பு, பிறகு கிளை நரம்பு, பிறகு இடையில் உள்ள பரப்பு. அந்த மாதிரி இலையின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது வெகுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. வழி முழுக்க அதில் வரைந்தே இருந்தது.

வழி இரண்டு. பக்கத்துச் செல்லுக்குப் போக, செல்சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் பிளாஸ்மோடெஸ்மேட்டா என்ற நுண்குழாய்கள் இருக்கின்றன. அதன் வழியாகத் துண்டுகள் கசிந்து 10 முதல் 15 செல் தூரம் போகும். தொலைதூரத்துக்குப் புளோயம். இலையில் செய்த சர்க்கரையைச் சுமந்துபோகும் அதே குழாய்தான். அதனால்தான் மௌனமும் சர்க்கரை போகும் திசையில் போகிறது: வளரும் இளம் இலைக்கு, வேருக்கு. தானே சர்க்கரை செய்து வெளியே அனுப்பும் முதிர்ந்த இலைக்குள் அது அவ்வளவாக நுழைவதில்லை. பூசணித் தண்டை வெட்டினால் வெட்டுவாயில் ஒரு சொட்டுச் சாறு துளிர்க்கும். அந்தச் சொட்டில் சிறு ஆர்.என்.ஏ.க்கள் ஏராளமாக இருப்பதை 2004-இல் எடுத்துக் காட்டினார்கள். புளோயத்தின் சல்லடைக் குழாய் செல்களுக்கு உட்கருவே கிடையாது. அங்கே இருக்கும் ஆர்.என்.ஏ. பக்கத்து செல்களிலிருந்து வந்து ஏறியதாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போனால் நீர்த்துப்போகாதா என்று அடுத்து கேட்பீர்கள். போகும். அதற்குச் செடியிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. துண்டு போய்ச் சேர்ந்த செல்லில் அதற்குப் பொருந்தும் தூது ஆர்.என்.ஏ. இருந்தால், ஆர்.டி.ஆர்.6 என்ற நொதி அந்தத் தூது ஆர்.என்.ஏ.வையே அச்சாக வைத்து மறுபடி இரட்டை இழை செய்துவிடும். அதை நறுக்கினால் புதுத் துண்டுகள், அவை அடுத்த செல்லுக்கு. பொருத்தம் இருக்கும் இடத்தில்தான் இந்தப் பெருக்கம் நடக்கும். அதே 1997-இல் புகையிலையில் ஒட்டுக்கட்டிச் செய்த இன்னொரு சோதனையில், மௌனமான வேர்ச்செடிக்கும் மேலே ஒட்டிய கிளைக்கும் நடுவில் 30 சென்டிமீட்டர் வரை சாதாரணத் தண்டு ஒன்றைச் செருகிப் பார்த்தார்கள். அதையும் கடந்துபோய் மேல் கிளை மௌனமானது.

இதெல்லாம் மனிதர்கள் புகுத்திய மரபணுக்களை வைத்துச் செய்தது. செடி தன் சொந்தத் தேவைக்கும் இதைப் பயன்படுத்துகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பாஸ்பேட். மண்ணிலிருந்து பாஸ்பேட்டை எடுப்பது வேர். பற்றாக்குறையை அறிவிப்பது இலை. பாஸ்பேட் குறைந்தால் தண்டிலும் இலையிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 என்ற துண்டு கூடுகிறது. அது புளோயம் வழியாக வேருக்கு இறங்கி, அங்கே பி.எச்.ஓ.2 என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வைத் தாக்குகிறது. பாஸ்பேட் உறிஞ்சுவதற்குப் பிரேக் போட்டு வைத்திருப்பது அந்த பி.எச்.ஓ.2 தான். பிரேக் விலகியதும் வேர் அதிகம் உறிஞ்சுகிறது. 2008-இல் இதை ஒட்டுக்கட்டித்தான் நிரூபித்தார்கள்: அந்தத் துண்டை மிகுதியாகச் செய்யும் மேல்பாகம், சாதாரண வேர். வேரில் முழுமையான துண்டு குவிந்திருந்தது. ஆனால் அந்தத் துண்டாக நறுக்கப்படுவதற்கு முந்தைய நீள இழை அங்கே ஏறக்குறைய இல்லை. வேர் அதைச் செய்யவில்லை, மேலிருந்து வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

வைரஸ்கள் இந்த முறையை எவ்வளவு பெரிய ஆபத்தாக எடுத்துக்கொள்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். தக்காளியைத் தாக்கும் ஒரு வகை வைரஸ் குடும்பத்தில் பி19 என்ற புரதம் இருக்கிறது. அது துண்டின் எழுத்துகளைப் பார்ப்பதே இல்லை. இரண்டு முனைகளிலும் பிடித்து நீளத்தை மட்டும் அளக்கிறது. அளவு சரியாக இருந்தால் துண்டைக் கவ்விக்கொள்ளும். ஆர்கோநாட்டின் கைக்கு அது போய்ச் சேராது. செடியின் மௌனத்தை மௌனமாக்கும் வேலை.

"செடிகள் பேசுகின்றன" என்று எழுதுபவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லை இந்த விஷயத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை. பேச்சு என்றதும் கேட்பவர், அர்த்தம், எண்ணம் எல்லாம் கூடவே வந்துவிடும். உங்களைத் தடுக்கி விழவைத்ததும் அதுதான். புரிந்துகொள்ள ஒருவரும் இல்லாமலேயே ஒரு இலையில் நடந்தது இன்னொரு இலையில் விளைவாகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கஸ்குட்டா என்ற மஞ்சள் ஒட்டுண்ணிக் கொடியைப் பாருங்கள். அது இன்னொரு செடியைச் சுற்றிப் படர்ந்து, உறிஞ்சு உறுப்புகளை அதன் தண்டுக்குள் செலுத்திச் சாற்றை எடுக்கும். எடுப்பதோடு நிற்பதில்லை, தன்னுடைய மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களை உள்ளே அனுப்பவும் செய்கிறது என்று 2018-இல் கண்டுபிடித்தார்கள். அவை அந்தச் செடியின் தூது ஆர்.என்.ஏ.க்களை வெட்டுகின்றன. அராபிடாப்சிஸ் மேல் படரவிட்டாலும் சரி, வேறு குடும்பத்தைச் சேர்ந்த அந்தப் புகையிலை உறவுச் செடி மேல் படரவிட்டாலும் சரி, இரண்டிலும் ஒன்றுக்கொன்று இணையான மரபணுக்களின் தூது ஆர்.என்.ஏ.க்கள் மேல்தான் வெட்டு விழுந்திருந்தது.

அன்புடன்.