டவுன்ஷிப் கூட்டத்தில் பேச ஓட்டுரிமை தேவையில்லை

"நியூஜெர்சியில் வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம், இன்னும் எச்1பி விசாதான். டவுன்ஷிப் கூட்டத்துக்கு எங்களைப் போன்றவர்கள் போகலாமா, பேச விடுவார்களா, வம்பு ஏதும் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஓடியது.

தாராளமாகப் போகலாம், பேசலாம். டவுன்ஷிப் என்பது நம்மூர் நகராட்சி மாதிரி உள்ளூர் நிர்வாகம், கவுன்சில் அதன் மன்றம். 1975இல் வந்த திறந்த கூட்டச் சட்டப்படி, கவுன்சில் கூட்டத்திலும் பள்ளி போர்டு கூட்டத்திலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும். பேரும் முகவரியும் சொல்லிவிட்டுச் சில நிமிடம் பேசலாம். என்னிடம் இதுவரை யாரும் விசா பற்றிக் கேட்டதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம். மோட்டார் வாகன அலுவலகத்துக்கு லைசென்ஸ் எடுக்கப் போனால் வாக்காளர் பதிவும் கூடவே வரும். குடியுரிமை இல்லாதவர்கள் அதை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். பதிந்துவிட்டால் பிறகு குடியேற்ற விஷயத்தில் பெரிய சிக்கலாகிவிடும். ஓட்டுப் போடுவது வேறு, மைக் முன்னால் நிற்பது வேறு.

இனி என் கதை. எங்கள் வீடு மிடில்செக்ஸ் கவுண்டியில், டர்ன்பைக் என்ற சுங்க நெடுஞ்சாலையின் 8ஏ எக்ஸிட் பக்கம். அந்த வட்டாரம் முழுக்கக் கிடங்குகள் முளைத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் பதிவுத் தபால் ஒன்று வந்தது. எங்கள் பின்பக்கத்து மனையில் கிடங்கு கட்ட ஒரு நிறுவனம் சோனிங் போர்டிடம், அதாவது நிலப் பயன்பாட்டு விதிகளிலிருந்து விலக்குத் தரும் குழுவிடம், விதிவிலக்கு கேட்டிருந்தது. மனையிலிருந்து 200 அடிக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு, விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே இப்படித் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

வாட்ஸ்அப் குழு பற்றிக்கொண்டது. மேயரைப் போய்ப் பார்ப்போம் என்றார்கள், கையெழுத்து வேட்டை நடந்தது. என் கணவர் மட்டும், "இந்த நேரத்துல நமக்கு எதுக்கும்மா? கிரீன் கார்டு வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார். "இந்தியாவுல பிறந்தவங்களுக்கு அந்த வரிசை எப்பங்க நகரும்? அதுக்குள்ள நம்ம பையன் பள்ளிக்கூடமே முடிச்சிடுவான்" என்றேன். அவனுடைய பள்ளிப் பேருந்து நிற்கும் முனை வழியாகத்தான் அந்த லாரிகள் போக வேண்டும்.

சோனிங் போர்டு என்பது கவுன்சில் மாதிரி இல்லை, கிட்டத்தட்ட நீதிமன்றம் மாதிரி. எங்கள் எதிர் வீட்டில் நெடுங்காலமாக வசிக்கும் பெரியவர்தான் இதைப் புரியவைத்தார். விண்ணப்பதாரர் தரப்பு நிபுணர் ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் நாம் அவரைக் கேள்வி கேட்கலாம். அப்போது கேள்வி மட்டும்தான். நம் கருத்தைக் கடைசியில், சத்தியப் பிரமாணம் செய்து சொல்ல வேண்டும். மேயரைப் பார்த்துப் பயனில்லை, முடிவு போர்டின் கையில். அந்த மாதிரி விதிவிலக்குக்கு ஏழு பேரில் ஐந்து பேர் சரி என்று சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நாங்கள் கொண்டுபோன மனுவை போர்டின் வக்கீல் வாங்கவே இல்லை. கையெழுத்துப் போட்டவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, ஆகவே அது சாட்சியம் ஆகாது என்றார். நிறையப் பேருக்கு முகம் சுருங்கிவிட்டது.

போக்குவரத்து நிபுணர் படம் போட்டு விளக்கி முடித்தார். நான் எழுந்து போனேன். பதிவு செய்கிற அம்மா என் பேரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொன்னார். நீளமான பேர். மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தேன். கேட்டது ஒரே கேள்விதான்: "நீங்கள் வண்டிகளை எண்ணியது எந்தத் தேதியில்?" அவர் அறிக்கையைப் புரட்டினார். ஆகஸ்ட் மாதத்து நாள் ஒன்றைச் சொன்னார். "அப்போது பள்ளிக்கூடம் திறந்திருந்ததா?" இல்லை என்றார். செப்டம்பரில்தானே இங்கே பள்ளி திறக்கும்! போர்டு உறுப்பினர்கள் குனிந்து எழுத ஆரம்பித்தார்கள்.

பள்ளி நாளில் மறுபடி எண்ணி வரச் சொல்லி விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். கிடங்கு வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் லாரி வாசல் எங்கள் தெருப் பக்கம் இல்லை, நெடுஞ்சாலைப் பக்கம். அதை அனுமதியின் நிபந்தனையாகவே எழுதினார்கள். இதற்குப் பெயர் வெற்றியா என்று சிலர் கேட்பார்கள். தினமும் காலையில் அந்த முனையில் பிள்ளையோடு நிற்பவள் நான், எனக்கு இது வெற்றிதான்.

"அமெரிக்காவில் உட்கார்ந்து ஜனநாயகப் பாடம் எடுக்காதே" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். நான் தென்காசிப் பக்கம் கிராம சபையில் எழுந்து நின்று தெருக்குழாய்க் கணக்குக் கேட்ட பெண்களைப் பார்த்து வளர்ந்தவள். இதை இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை.

என் ஆதங்கம் நம் ஆட்கள் மேல்தான். பொங்கல் விழாவுக்கு மேயரை அழைத்துப் பொன்னாடை போர்த்திப் படம் எடுத்துக்கொள்ள நூறு பேர் வருகிறார்கள். பட்ஜெட் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் விசாரணை அன்று அரங்கில் நம் முகம் ஒன்றைக் காணோம். இத்தனைக்கும் சொத்து வரி பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நாலு தவணை கட்டுகிறோம்; 2024இல் மாநிலச் சராசரியே 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கு. பக்கத்து ஊரான எடிசனில் 2005இலேயே ஜுன் சோய் என்ற கொரிய வம்சாவளிக்காரர் மேயராக வென்றார், 2021இல் இந்திய வம்சாவளிக்காரரான சாம் ஜோஷி வென்றார். அவர்களுக்குப் பின்னால் யார் யாரோ கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்திருப்பார்கள் அல்லவா? பொன்னாடைக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியாவது அங்கே செலவழிக்கக் கூடாதா? விழா எடுப்பதைக் குறை சொல்லவில்லை, நானும் கோலம் போடப் போகிறவள்தான்.

செய்தித்தாளை நம்பியும் இருக்க முடியாது. நியூஜெர்சியின் பெரிய நாளிதழான ஸ்டார் லெட்ஜரின் அச்சுப் பதிப்பு 2025 பிப்ரவரியோடு நின்றுபோனது. சட்ட அறிவிப்புகள் 2026 மார்ச் 1 முதல் அந்தந்த அரசு இணையதளத்திலேயே வர வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆகவே உங்கள் டவுன்ஷிப் தளத்தில் அஜெண்டா பக்கத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆவணம் வேண்டுமென்றால் ஓப்ரா மனு (நம்மூர் தகவல் உரிமைச் சட்ட மனு மாதிரி) போடுங்கள், பொதுவாக ஏழு வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். பள்ளி பட்ஜெட் விசாரணை ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் வரும். முதல் தடவை பேச வேண்டாம், பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் கணவரையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். என் கணவர் இப்போது எனக்கு முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.