கடைவீதிக் கணக்கு: காற்றுக்கும் கட்டணம் உண்டுங்க

கோபி, சத்தி, பல்லடம், ராசிபுரம் என்று எந்த ஊர்த் தபால் முத்திரையைப் பார்த்தாலும் உள்ளே ஒரே கேள்விதான். கையால் செய்த சரக்கைக் கடல் தாண்டித் தாட்டிவிடுவதற்குக் கையைக் கடிக்காத வழி என்ன? அதனால் இந்த முறை இந்தக் கேள்வி பதில் பகுதிக்கு வழக்கமாக வருகிற மிக்ஸி, குக்கர் புகார்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: கொட்டாங்குச்சியில் கிண்ணம், கரண்டி செய்கிறேன். சிங்கப்பூருக்கு ஒரு ஆர்டர். வீட்டுத் தராசில் 2 கிலோ 400 கிராம். பெட்டி 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். கொரியர் ஏஜென்ட் எட்டரைக் கிலோவுக்குப் பில் போட்டுவிட்டார். கேட்டால் "வால்யூம்" என்கிறார். ஏமாற்றுகிறாரா அக்கா? — பொள்ளாச்சி வாசகி

பதில்: கணக்கில் ஏமாற்றவில்லை அம்மணி. முன்கூட்டிச் சொல்லாமல் விட்டதுதான் அவர் செய்த தப்பு. விமானத்தில் எடைக்கு எவ்வளவு பஞ்சமோ, இடத்துக்கும் அவ்வளவு பஞ்சம். அதனால் பெரிய கொரியர் கம்பெனிகள் நீளம், அகலம், உயரத்தைச் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அந்த எண்ணையும் தராசு எடையையும் வைத்துப் பார்த்து, எது அதிகமோ அதற்குக் காசு. உங்கள் பெட்டி 40,500. வகுத்தால் 8.1. அரைக் கிலோ கணக்கில் மேலே தள்ளினால் எட்டரை. சரக்குக்குக் கொடுத்ததைப்போல இரண்டரை மடங்கு காற்றுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய ஆறாத புண் ஒன்று உண்டு. துணிப்பை தைத்து அனுப்ப ஆரம்பித்த வருசம், ஈரோட்டில் தள்ளுபடி என்று ஒரே அளவில் 200 அட்டைப்பெட்டி வாங்கினேன். ஒவ்வொன்றும் சின்ன டிவி உட்காரும் அளவு. என் பைகள் அடியில் பாய் விரித்ததுபோலக் கிடக்கும். மீதி இடத்துக்குப் பழைய பேப்பரைக் கசக்கி அடைத்தேன். ஒரு வருசம் முழுக்க லண்டனுக்கும் துபாய்க்கும் பழைய பேப்பர் ஏற்றுமதி செய்த ஒரே ஆள் நான்தான். மிச்சப் பெட்டிகள் இன்னும் பரணில் கிடக்கின்றன, அதிலொன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது. பெட்டிக்கு மிச்சம் பிடித்த ரூபாயை மாசாமாசம் கொரியருக்கு அழுதேன்.

பெட்டிக்குத் தக்க சரக்கு தேடக் கூடாது. சரக்குக்குத் தக்க பெட்டியைத்தான் வாங்க வேண்டும். கிண்ணத்தை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி நடுவில் மெல்லிய காகிதம் வையுங்கள். கரண்டியைப் பக்கத்துச் சந்தில் செருகுங்கள். 35, 25, 15 செ.மீ. பெட்டியில் அடங்கிவிட்டால் கணக்கு 2.6-தான் வரும், மூன்று கிலோவுக்குப் பில் போடுவார்கள். துணி, பை, தலையணை உறை என்றால் பெட்டியே வேண்டாம், கிழியாத கொரியர் கவர் போதும்.

ஏஜென்டுகள் அட்டையில் "கிலோ இவ்வளவு" என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். எரிபொருள் சர்சார்ஜ், ஜிஎஸ்டி, தூரத்து ஊருக்குத் தனிக் கட்டணம் எல்லாம் பில்லில்தான் பிறக்கும். கிலோ ரேட்டைக் கேட்கவே கேட்காதீர்கள். "இந்த நீளம், அகலம், உயரம், இந்த எடை, இந்த ஊர் பின்கோடு. வாங்குகிறவர் வாசல் வரைக்கும் ஒட்டுக்கா எவ்வளவு? அங்கே வரி வந்தால் யார் கட்டுவது?" என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும். போனில் சொன்ன ரேட்டை நம்பினவர்கள் கடிதம் ஒரு கட்டு என்னிடம் இருக்கிறது.

கேள்வி: சென்னிமலை. கைத்தறித் துண்டு, சின்ன விரிப்பு. ஒரு பார்சல் 700 கிராமைத் தாண்டாது. தபாலா, கொரியரா?

பதில்: தபால். இரண்டு கிலோவுக்குள் இருக்கிற, அவசரமில்லாத, உடையாத சரக்குக்கு அதைவிட மலிவான வழி பெரும்பாலும் கிடைக்காது. "இன்டர்நேஷனல் ட்ராக்டு பாக்கெட்" என்று கேளுங்கள். எல்லா நாட்டுக்கும் கிடையாது, பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பாக்கெட்டுக்கு அளவு வரம்பு உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ., எந்தப் பக்கமும் 60-ஐத் தாண்டக் கூடாது. எடை கூடினால் ஏர் பார்சல், அவசரம் என்றால் ஈ.எம்.எஸ். ஸ்பீடு போஸ்ட்.

2022-லிருந்து அஞ்சல் துறை "டாக் நிர்யாத் கேந்திரா" என்று ஏற்றுமதி மையங்கள் திறந்து, நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறது. அதன் இணையதளத்தில் கணக்குத் திறந்தால் சுங்கத்துக்கான தபால் ஏற்றுமதி பில்லை வீட்டிலிருந்தே போட்டு, லேபிளை ஒட்டிக் கொடுத்துவிட்டு வரலாம். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, அதாவது ஐ.இ.சி., கையில் இருக்க வேண்டும். சரக்கு விவரத்தில் "துணி" என்று மொட்டையாக எழுதாமல் பருத்தி, கைத்தறி, குளியல் துண்டு, எத்தனை, என்ன விலை என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். மொட்டையாக எழுதின பார்சல்தான் அந்தப் பக்கம் சுங்கத்தில் தூங்கும்.

தபாலுக்குக் குறையும் உண்டு. தாமதமாகும். நடுவில் பத்து நாள் ட்ராக்கிங் அசையாது. வாங்குகிறவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதி வெசனம் தீரும்.

கேள்வி: "கிஃப்ட்" என்று எழுதி, மதிப்பைக் குறைத்துப் போட்டால் வரி மிச்சமாமே? — அவினாசி

பதில்: காசு வாங்கி விற்றது கிஃப்ட் ஆகாது. பொய்க் கணக்கு.

கேள்வி: ஐ.இ.சி. எடுக்க ஒரு கன்சல்டன்ட் 7,000 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டேன். இப்போது "புதுப்பிக்க" 4,000 கேட்டு மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா? — நாமக்கல்

பதில்: அரசுக் கட்டணம் 500 ரூபாய் தம்பி. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்றோடு நீங்களே உட்கார்ந்து எடுக்கிற காரியம். தெரியவில்லை என்றால் உதவிக்கு ஆள் வைப்பது தப்பில்லை. கட்டணம் எவ்வளவு என்று ஐந்து நிமிசம் பார்க்காமல் ஏழாயிரத்தை எடுத்து நீட்டியதுதான் தப்பு. ஒரு கிலோ தக்காளிக்கு உழவர் சந்தையில் நாலு கடை ஏறி இறங்குகிறோமே!

ஐ.இ.சி.க்குக் காலாவதி கிடையாது. ஆனால் வருசா வருசம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதே தளத்தில் போய் விவரம் சரிதான் என்று உறுதி செய்ய வேண்டும், செய்யாவிட்டால் முடக்கி வைப்பார்கள். அதற்குள் செய்தால் காசு எதுவும் இல்லை. 4,000 கேட்கிற மெயிலைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். அரசுத் தளம் போலவே வேடம் போட்ட தளங்கள் நிறைய உலாவுகின்றன, முகவரியில் .gov.in இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

கேள்வி: பவானி ஜமக்காளம் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். முன்னெல்லாம் வரியே இல்லை. இப்போது வாங்குகிறவர்கள் வரியைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள். — அந்தியூர்

பதில்: இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. 800 டாலருக்குள் இருக்கிற பார்சலுக்கு அங்கே வரி இல்லாமல் இருந்த சலுகை, 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் போய்விட்டது. வரியை யார், எப்படி வசூலிப்பது என்ற குழப்பத்தில் நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25-லேயே அமெரிக்கப் பார்சலை வாங்குவதை நிறுத்தி, அக்டோபர் 15-ல்தான் மறுபடி தொடங்கியது. தொடங்கியபோது சரக்கு மதிப்பில் 50 சதவீத வரியை புக் பண்ணும்போதே இங்கேயே வாங்கினார்கள். அந்த விகிதத்தை நிரந்தரம் என்று நினைத்துவிடாதீர்கள், அமெரிக்க வரி வருசத்துக்குள் பல வேசம் போடுகிறது. புக் பண்ணுகிற அன்று கவுன்டரில் கேட்டுத்தான் விலை சொல்ல வேண்டும்.

வரியை இங்கேயே கட்டி அனுப்புவதில் ஒரு நல்லது உண்டு. வாங்குகிறவர் வாசலில் யாரும் கை நீட்ட மாட்டார்கள், சரக்கும் திரும்பி வராது. அந்தத் தொகையைச் சேர்த்து விலை சொல்லுங்கள். ஆள் குறையலாம். ஆனால் திரும்பி வருகிற ஜமக்காளத்துக்குப் போக வர இரண்டு கூலி. இன்னொன்று, பெரிய ஜமக்காளத்தைச் சுருட்டி அனுப்பாதீர்கள், நீளம் ஏறிவிடும். மடித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டி, தட்டையாக அனுப்புங்கள்.

கேள்வி: கரூர். இன்ஸ்டாகிராமில் பார்த்து லண்டன்காரர் ஒருவர் சமையலறைத் துணி வாங்கினார். அங்கே வாட் வரியும் கையாளும் கட்டணமும் கேட்டதால் வாங்க மறுத்துவிட்டார். கொரியர் திருப்பி அனுப்பும் செலவை என்னிடம் கேட்கிறது.

பதில்: கட்டித்தான் ஆக வேண்டும். அல்லது அங்கேயே கைவிடுவதாக எழுதிக் கொடுங்கள், அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டு. சில சமயம் சரக்கைவிடத் திரும்பும் கூலி அதிகம்.

பிரிட்டனில் 2021 ஜனவரி முதல் 135 பவுண்டுக்குள் இருக்கிற சரக்குக்கு விற்கும்போதே வாட் வசூலிக்க வேண்டும் என்பது சட்டம், நேரடியாக விற்றால் அது விற்பவர் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோவுக்குள் இருக்கிற சரக்குக்கு வாட் இல்லாமல் இருந்த சலுகை 2021 ஜூலை முதல் போய்விட்டது, 150 யூரோ வரைக்கும் ஐ.ஓ.எஸ்.எஸ். என்ற, ஒரே இடத்தில் பதிவு செய்து வாட் கட்டும் முறையில் முன்கூட்டியே கட்டலாம். மாசம் பத்து பார்சல் அனுப்புகிற நீங்கள் இதற்கெல்லாம் அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டிருக்க முடியாது. எட்ஸி போன்ற சந்தைத் தளத்தில் விற்றால் வாட்டை அவர்களே வாங்கிக் கட்டிவிடுவார்கள். கமிஷன் எரிச்சலாகத்தான் இருக்கும், எனக்கும் எரிகிறது. ஆனால் அந்தத் தளம் தருகிற வரிப் பதிவு எண்ணைப் பார்சல் விவரத்தில் ஏற்ற மறந்தால், வாங்கினவரிடம் இன்னொரு முறை வரி கேட்பார்கள். திட்டு உங்களுக்குத்தான் விழும்.

கேள்வி: குன்றிமணி கோத்த வளையல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பலாமா? — சத்தியமங்கலம்

பதில்: கூடாது. அது விஷ விதை, அங்கே தடை. பொதுவாகவே விதை, வைக்கோல், பட்டை உரிக்காத மரம் என்றால் ஆஸ்திரேலியா அழித்துவிடும் அல்லது திருப்பிவிடும். ஈட்டி மரச் சாமானுக்கும் தனிக் காகிதங்கள் உண்டு. கண்ணாடி மணியில் கோத்துக் கொடுங்கள்.

கேள்வி: சேலம் வெள்ளிக் கொலுசைச் சாதாரணத் தபால் பொதியில் அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். இன்ஷூர் செய்யாத பொதியில் தங்கம் வெள்ளி போகாது.

கேள்வி: மாக்ரமே, அதாவது கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பின்னுகிற சுவர்த் தொங்கல் செய்கிறேன். நகைக் கடனில் ஆரம்பித்த தொழில். கனடாவுக்கு ஆறு பார்சல், தெரிந்தவர் சொன்ன ஏஜென்டிடம் ஜிபேயில் முழுத் தொகையும் கொடுத்தேன். அவர் கொடுத்த ட்ராக்கிங் எண் வேலை செய்யவில்லை. போன் அணைந்துவிட்டது. வாங்கினவர்களுக்கு என் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு வழி உண்டா? — திருப்பூர்

பதில்: உண்டு கண்ணு. வாங்கினவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தீர்களே, அந்த நாணயத்துக்கு முதலில் கும்பிடு. முன்பின் தெரியாதவரை நம்பினீர்கள் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நானும் ரசீது இல்லாமல் ஒரு மூட்டைப் பையைக் கொடுத்துவிட்டு நின்றவள்தான்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து பணமோசடிப் புகார். நாளாக நாளாகப் பணத்தை நிறுத்தி வைக்கிற வாய்ப்பு குறையும். அவர் எந்தக் கொரியர் பெயரைச் சொன்னாரோ, அந்தக் கம்பெனியிடமே அந்த எண் அவர்களுடையதா என்று மெயிலில் கேளுங்கள். "எங்களுடையது இல்லை" என்ற பதிலே உங்களுக்குச் சாட்சி. அதோடு 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

"தொழிலுக்கு அனுப்பியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்ப்பக்கம் சொல்லும். 2019 நுகர்வோர் சட்டத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது: சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்கிற சுயதொழில் என்றால் நீங்களும் நுகர்வோர்தான். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நீங்கள் இருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும், இ-ஜாக்ரிதி என்ற அரசு நுகர்வோர் புகார்த் தளத்தில் ஆன்லைனிலும் போடலாம். ஜிபே விவரம், வாட்ஸ்அப், திருப்பிக் கொடுத்த கணக்கு எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், புகார் மனுவை நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி: வீட்டில் பார்சல் நிறுக்க எந்தத் தராசு வாங்கலாம்? — தாராபுரம்

பதில்: பெயர் சொல்ல மாட்டேன். வாங்கின அன்றே மளிகைக் கடையில் முத்திரை குத்தின ஒரு கிலோ எடைக்கல்லைக் கேட்டு வைத்துப் பாருங்கள். நான் மலிவு என்று வாங்கினது கிலோவுக்கு 40 கிராம் குறைத்துக் காட்டியது. ஆறு மாதம் கழித்துத் தபால் கவுன்டரில்தான் தெரிந்தது, அதுவரைக்கும் ஒவ்வொரு பார்சலுக்கும் அங்கே நின்று பைக்குள் சில்லறை தேடியிருக்கிறேன். இப்போது அது சமையலறையில் இருக்கிறது. முறுக்கு மாவு நிறுக்கக்கூட என் மாமியார் அதைத் தொடுவதில்லை.