லித்தியம் செறிந்த உவர்நீர் இயற்கையில் எப்படி உருவாகிறது?

உவர்நீர் என்பது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்புக் கரைந்திருக்கும் நீர். கைபேசி பற்றரிக்கு வேண்டிய லித்தியத்தில் ஒரு பகுதி இதிலிருந்துதான் வருகிறது.

லித்தியத்தின் தாயகம் பாறை. எரிமலைப் பாறைகளிலும் சாம்பலிலும் இருப்பதை மழைநீரும் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுவருகின்றன. அந்தப் பள்ளத்திலிருந்து கடலுக்கு வழி இருக்கவே கூடாது. பலரும் கவனிக்காமல் விடும் நிபந்தனை இது. ஓர் ஆறு வெளியே ஓடினாலும் எல்லாம் அதோடு போய்விடும். மழை குறைந்து வெயிலும் கடுமையாக இருக்க வேண்டும். சிலியின் அட்டகாமா, பொலிவியாவின் உயுனி ஆகிய உப்புப் பரப்புகள் இரண்டும் அப்படிப்பட்ட இடங்கள்.

சரி, லித்தியம் ஏன் நீரிலேயே தங்குகிறது? கண்டி வீதியில் ஆனையிறவைக் கடக்கும்போது தெரியும் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். பாத்தியில் நீர் வற்ற வற்ற உப்பு படிந்துவிடும். மக்னீசியம் மிகுந்த கசப்பு நீர் மிஞ்சும். லித்தியமும் உப்புப் படிகங்களுக்குள் எளிதில் சேராது, மிஞ்சும் நீரிலேயே நின்றுவிடும். உப்பளத்தில் இது சில வாரங்களில் முடியும் வேலை. அட்டகாமா போன்ற இடங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 0.2 மில்லிகிராம் லித்தியம்தான் உண்டு. அட்டகாமா உவர்நீரில் 1,000 மில்லிகிராமுக்கும் மேல்.

உயுனிப் படங்களில் தெரியும் வெள்ளைப் பரப்பையே லித்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் நாம் கறிக்குப் போடும் அதே உப்பு, லித்தியம் இருப்பது அதன் அடியிலுள்ள இடுக்குகளில் தேங்கிய உவர்நீரில்.