பறவைச் சிறகில் இருப்பவை எந்த விரல்கள்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒரு பாடநூல் கோழிச் சிறகின் மூன்று விரல்களுக்கு 2, 3, 4 என்று எண் கொடுக்கிறது. இன்னொன்று 1, 2, 3 என்கிறது. எது சரி என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கரு வளர்ச்சி 2, 3, 4 என்று சொன்னால் பறவைகள் டைனோசரிலிருந்து வந்தவை என்பது அடிபட்டுப் போகாதா? மரபணு ஆய்வுகள் இதைத் தீர்த்துவிட்டன என்கிறார்களே, உண்மையா? ஆய்வகத்தில் இதைக் காட்ட முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு பாடநூல்களும் பொய் சொல்லவில்லை. கருவில் விரல் எந்த இடத்தில் முளைக்கிறது என்பதை வைத்து ஒன்று எண்ணுகிறது. முளைத்தது எந்த விரலாக வளர்கிறது என்பதை வைத்து மற்றது எண்ணுகிறது. இடமும் அடையாளமும் எப்போதும் சேர்ந்தே இருக்கும் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

புதைபடிவங்களின் கணக்கு எளிது. அர்ஜென்டினாவில் கிடைத்த, சுமார் 23 கோடி ஆண்டு பழைய ஹெர்ரெராசாரஸ் என்ற டைனோசரின் கையில் ஐந்து விரல்களின் தடயமும் உண்டு. ஆனால் நான்காவது சிறுத்துவிட்டது, ஐந்தாவது வெறும் துணுக்கு. அதாவது இந்த வம்சத்தில் விரல்கள் சுண்டுவிரல் பக்கமிருந்து குறைந்தன. மிஞ்சிய மூன்று விரல்களில் உள்ள சிறு எலும்புகளின் எண்ணிக்கை முறையே 2, 3, 4 (இவை விரல்களின் எண்கள் அல்ல). ஆதிப் பறவையான ஆர்க்கியாப்டெரிக்ஸின் கையிலும் அதே எண்ணிக்கை. ஆகவே பறவையிடம் இருப்பவை கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், அதாவது 1, 2, 3.

கருவின் கணக்கு வேறு. நான்குகால் விலங்குகளின் கருவில் பொதுவாக முதலில் செல்கள் கூடித் திரளும் விரல், முன்கையில் சுண்டுவிரல் பக்கமுள்ள அல்னா எலும்புக்கு நேர்கோட்டில் வரும் நான்காவது விரல். கோழிச் சிறகில் அந்தக் கோட்டில் நிற்பது மூன்று விரல்களில் கடைசியானது. அதை 4 என்று வைத்தால் முன்னே இருப்பவை 3, 2. போதாததற்கு, விரல் குறையும் விலங்குகளில் வழக்கமாக முதலில் போவது கட்டைவிரல்தான். 1997இல் ஆன் பர்க்கும் ஆலன் ஃபெடுச்சியாவும் இதை முன்வைத்து, பறவைகளுக்கும் தெரோபாட் என்ற இருகால் டைனோசர் குழுவுக்கும் உள்ள உறவையே கேள்விக்குள்ளாக்கினார்கள். அவர்கள் பார்த்த கரு வளர்ச்சி சரி. அதன்மேல் ஏற்றிய முடிவு தாங்காது. மார்பின் மேலுள்ள கவட்டை வடிவ எலும்பு, பிறைவடிவ மணிக்கட்டு எலும்பு, இறகு என்று அத்தனை பொருத்தங்கள் இருக்கும்போது, ஒரு விரல் எண்ணை வைத்து வம்சாவளியைக் கலைக்க முடியாது.

1999இல் குந்தர் வாக்னரும் ஜாக் கௌதியரும் வழி சொன்னார்கள். பேருந்தில் 2, 3, 4 எண் இருக்கைகளில் 1, 2, 3 எண் சீட்டுக்காரர்கள் உட்கார்ந்திருப்பதுபோல, திரட்சியின் இடம் அப்படியே இருக்க, எந்த விரலாக வளர்வது என்ற கட்டளை மட்டும் ஓரிடம் நகர்ந்திருக்கலாம். இது வெறும் சமாளிப்பா, சோதிக்கக்கூடியதா என்பதைத்தான் மரபணு ஆய்வுகள் எடுத்துக்கொண்டன.

முதல் சோதனை, கருவில் விரல்களின் அமைப்பை வழிநடத்தும் ஹாக்ஸ் டி மரபணுக்களில். விரல்கள் உருவாகும் பிந்தைய கட்டத்தில், எலியிலும் கோழிக் காலிலும் கட்டைவிரல் பகுதியில் ஹாக்ஸ் டி 13 வெளிப்படும், ஹாக்ஸ் டி 12 வெளிப்படாது. மற்ற விரல்களில் இரண்டும் உண்டு. அலெக்சாண்டர் வர்காசும் ஜான் ஃபாலனும் 2005இல் காட்டியது இதுதான்: சிறகின் முன்விரலில் 13 இருக்கிறது, 12 இல்லை. இடம் இரண்டாவது, கையொப்பம் முதல் விரலுடையது. இதற்கு வந்த மறுப்பிலும் நியாயம் உண்டு. ஹாக்ஸ் டி 12 இல்லாதது, அந்த விரல், கைகாலாக வளரும் மொட்டின் முன்விளிம்பில் இருப்பதை மட்டுமே காட்டலாம், முன்னோரின் கட்டைவிரல் என்பதையல்ல. ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து விரலுக்குப் பெயர் சூட்டக் கூடாது.

அதனால் 2011இல் வெளிவந்த ஆய்வுகளை நான் பெரிதாக மதிக்கிறேன். மொட்டின் பின்விளிம்பில், விரல் அமைவுக்கு வழிகாட்டும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரக்கும் செல்கூட்டம் ஒன்று உண்டு. ஜப்பானில் தமுரா குழுவும் பிரிட்டனில் டவர்ஸ், டிக்கிள் குழுவும் அந்தச் செல்களை அடையாளமிட்டு, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பின்தொடர்ந்தார்கள். கோழிக் காலின் நான்காவது விரல் அந்தச் செல்களிலிருந்தே வருகிறது. சிறகின் கடைசி விரல் அவற்றிலிருந்து வரவில்லை. நான்காவது விரலுக்குரிய பிறப்பிடமே அதற்கு இல்லை. அதே ஆண்டில் வாக்னர் குழு, சிறகு, கால் விரல்களில் செயல்படும் மரபணுக்களை ஒட்டுமொத்தமாக ஒப்பிட்டது. சிறகின் முன்விரல் காலின் முதல் விரலோடு அழுத்தமாகப் பொருந்தியது. பின்னிரண்டு விரல்களுக்கு அப்படித் தெளிவான ஜோடி அமையவில்லை.

இங்கேதான் பல கட்டுரைகள் அவசரப்படுகின்றன. முன்விரலின் அடையாளம் 1 என்பதற்குச் சான்று வலுவானது. மற்ற இரண்டும் 2, 3 என்பதற்கு மரபணுச் சான்று அத்தனை வலுவில்லை. அங்கே நாம் சாய்ந்து நிற்பது புதைபடிவங்களின்மேல். 2019இல் பல விலங்குகளின் விரல்களை ஒப்பிட்ட ஆய்வும், எல்லா விலங்குகளிலும் மாறாத தனி அடையாளம் பின்விரல்களுக்கு இல்லை என்ற பக்கமே சாய்ந்தது. இன்னொரு முரணும் உண்டு. கைகால் மொட்டில் ஹெட்ஜ்ஹாக் வேலை செய்யாத ஓஇசட்டி என்ற கோழி வகையில், காலில் முதல் விரல் மட்டும் வருகிறது, சிறகில் சரியான விரல் ஒன்றுகூட வருவதில்லை. சிறகின் முன்விரல் ‘கட்டைவிரல்’தான் என்றாலும், அது வளரும் வழி கால் கட்டைவிரலின் வழியல்ல. நகர்வு நடந்திருந்தால் எதிர்பார்க்க வேண்டியதும் இதைத்தான்: இரண்டாம் இடத்தில் முளைப்பதற்கு அந்த இடத்தின் தேவைகள் இருக்கும்.

கரும்பலகையில் எழுத என் யோசனை: முன்னிருந்து வரிசையாக அலூலா விரல் (சிறகின் முன்விரல்), பெரிய விரல், சிறிய விரல் என்று பெயரிடுங்கள். கீழே ‘இடம் 2, 3, 4’ என்று ஒரு வரி, ‘அடையாளம் 1, 2, 3’ என்று இன்னொரு வரி.

ஆய்வகத்தில் இடத்தைக் காட்டலாம், அடையாளத்தைக் காட்ட முடியாது. கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு தொடங்குங்கள். கடை முட்டை உதவாது. சேவலோடு வளர்ந்த கோழியின் கருவுற்ற முட்டை வேண்டும். 37.5 டிகிரியில் அடைவைத்து 6, 6½, 7 நாட்களில் சிலவற்றைத் திறங்கள். அடைகாக்கும் கருவி சற்றுக் குளிர்ந்தாலே வளர்ச்சி பின்தங்கும் என்பதால் ஒரே நேரத்தை நம்ப வேண்டாம். கருவை 5 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் பதப்படுத்தி, 70 சதவீத எத்தனாலில் 1 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த அமில ஆல்கஹாலில் 0.1 சதவீத ஆல்சியன் புளூ கலந்து இரவு முழுதும் ஊறவிடுங்கள். பிறகு சாயமில்லாத அமில ஆல்கஹாலில் கழுவுங்கள். இதில் அவசரப்பட்டால் தோலும் தசையும் நீலமாகவே நின்று குருத்தெலும்பை மறைக்கும். எத்தனால் அளவைப் படிப்படியாக 100 சதவீதம் வரை ஏற்றி, திசுவைத் தெளியவைக்கும் மெதில் சாலிசிலேட்டில் இடுங்கள். துளி நீர் மிஞ்சினாலும் திசு பால்போல் வெளுத்துவிடும். அப்படி ஆனால் மறுபடி தூய எத்தனாலில் வைத்து எடுங்கள்.

சரியான நாளில் எடுத்திருந்தால் மூன்று விரல்களோடு, பின்விளிம்பில் ஒரு சிறு நீலத் துணுக்கும் தெரியும். அது ஐந்தாம் இடம், விரைவில் மறைந்துவிடும். முன்பக்கத்தில் முதல் இடம் எங்கே என்று மாணவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஆல்சியன் புளூ குருத்தெலும்பின் கூழ்மத்தைப் பற்றிக்கொள்ளும் சாயம். முதல் இடத்துச் செல்கள் திரள்வதோடு நின்றுவிடுவதால் இதில் தெரியாது. 2002இல் லார்சனும் வாக்னரும் அதைக் கோழிச் சிறகில் கண்டது, நிலக்கடலையிலிருந்து எடுத்த லெக்டின் புரதத்தால் திரட்சிகளைக் குறித்துப் பார்த்தபோதுதான்.