ஊருக்கு வந்தும் தீராத சோர்வு: கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

மகன் பெங்களூரிலிருந்து கோத்தகிரி வீட்டுக்கு வந்து மாதக்கணக்காகிறது, வீட்டிலிருந்தேதான் வேலை பார்க்கிறான், ஆனாலும் முகம் தெளியவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். வேலையை விடச் சொல்லலாமா, வேறு கம்பெனி பார்க்கச் சொல்லலாமா, ப்ளஸ் டூ படிக்கிற சின்னவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிறாளே, தடுத்துவிடலாமா என்று மூன்று கேள்விகள். இப்போதைக்கு மூன்றிலும் முடிவெடுக்க வேண்டாம். அசதியில் இருப்பவன் எடுக்கிற முடிவும் சரி, அவனைப் பார்த்துப் பயந்துபோய் நாம் எடுக்கிற முடிவும் சரி, பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

அவன் அப்பா சோம்பேறித்தனம் என்கிறாராம். சோம்பேறி ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பை மூட மாட்டான். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் பர்ன்-அவுட் என்கிற பணிச்சோர்வு போலத்தான் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையால் வருகிற ஒரு நிலை என்று வரையறுத்தது. நாள்பட்ட வேலை நெருக்கடியைச் சரியாகச் சமாளிக்க முடியாமல் போகும்போது மூன்று விஷயங்கள் தெரியும் என்றது: சக்தியெல்லாம் வற்றிப்போன களைப்பு, வேலை மேல் ஒரு விலகலும் கசப்பும், முன்பு செய்த அளவுக்குச் செய்ய முடியவில்லை என்ற நிலை. களைப்பு மட்டும் என்றால் நாலு நாள் தூங்கினால் போய்விடும். கசப்பும் சேர்ந்துவிட்டால் தூங்கி எழுந்தாலும் போகாது.

மென்பொருள் வேலையில் இது எப்படித் தெரியும் என்றால், அரை மணி நேரத்தில் கண்டுபிடித்த பிழை இப்போது ஒரு நாளை விழுங்கும். மற்றவர் எழுதிய ப்ரோக்ராமைப் படித்துப் பத்து வரி கருத்து எழுதியவன் 'ஓகே' என்று தட்டிவிட்டு நகர்வான். அன்றன்றைய வேலையைச் சுருக்கமாகச் சொல்கிற காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிடுவான். ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசையும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ளத் தோன்றாது. இந்தத் தொழிலில் அது ஆபத்தான அறிகுறி, ஏனென்றால் கற்றுக்கொள்வதில் இருந்த ருசிதான் பலரை இதற்குள் இழுத்து வந்திருக்கும்.

'நம்ம ஊர்க் காத்துக்கு எல்லாம் சரியாயிடும்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் துரை நம் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் பங்களா கட்டின காலத்திலிருந்து மற்றவர்கள் இளைப்பாற வருகிற மலைதான் இது. ஆனால் உங்கள் மகன் இளைப்பாற வரவில்லையே, அதே வேலையைப் பையில் போட்டுக்கொண்டுதானே வந்திருக்கிறான்! அவனுடைய ஒரு நாளைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கிளையன்ட் கலிபோர்னியாவில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 9.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அதே மீட்டிங் 10.30க்குப் போய்விடும், மார்ச்சில்தான் திரும்பும். மீட்டிங் முடிந்து, சொன்ன திருத்தத்தைச் செய்து, படுக்கும்போது ஒன்றரை. காலையில் உங்கள் வீட்டில் தேயிலை பறிக்க ஆள் வந்துவிடும், முற்றத்தில் பேச்சு, அடுப்படியில் குக்கர். ஆறு மணி நேரத் தூக்கம்கூட ஒழுங்காக இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் அந்த நேரத்தையும் ராத்திரி உட்கார்ந்து ஈடுகட்டுகிறான். பெங்களூரில் இருந்தபோதாவது ஆபீஸ் என்று ஒரு கதவு இருந்தது.

அதனால் அவனிடம் 'விடப் போறியா, இருக்கப் போறியா' என்று கேட்காதீர்கள். வேலையில் எந்தப் பகுதி உன்னைத் தின்கிறது என்று கேளுங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற பிள்ளைகள் பலர் முதலில் 'எல்லாமே' என்பார்கள். பேசப் பேச அது ஒன்று அல்லது இரண்டு விஷயமாகச் சுருங்கும்.

என் அனுபவத்தில் அதிகம் வெளியே வருவது, பாராட்டாக ஆரம்பித்துப் பொறியாக முடிகிற ஒன்று. கெட்டிக்காரப் பையன் ஒரு மாட்யூலை, அதாவது மென்பொருளின் ஒரு பகுதியை, நன்றாகச் செய்கிறான். அதில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவனைக் கூப்பிடுகிறார்கள். ஒரு கட்டத்தில் அதைத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். லீவு எடுத்தால் போன் வரும், தங்கச்சி கல்யாணத்திலும் வரும், கோயில் வரிசையிலும் வரும். சர்வர் விழுந்தால் எழுப்புகிற ஆன்-கால் முறை சுற்றி வர வேண்டியது, ஆனால் உண்மையில் ஒருவன் தலையிலேயே நிற்கும். அவனுக்கும் உள்ளூரப் பெருமை, அதனால் இறக்கி வைக்க மாட்டான். இதற்கு மருந்து விடுமுறை கிடையாது. அந்த மாட்யூல் எப்படி ஓடுகிறது, எது உடைந்தால் என்ன செய்வது என்று எழுதி வைத்து, இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கி, ஒரு வாரம் அவரே தனியாகப் பார்க்கட்டும் என்று விட வேண்டும். தன் இடம் போய்விடும் என்று பயப்படுவான். அப்படிப் பழக்கத் தெரிந்தவனைத்தான் அடுத்த பொறுப்புக்கு எடுப்பார்கள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மேனேஜரிடம் பேசும்போது 'எனக்கு ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு' என்றால் 'ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ' என்பதோடு முடிந்துவிடும். கணக்கோடு போக வேண்டும். கடந்த மாதம் எத்தனை இரவு எழுப்பப்பட்டான், அதில் எத்தனை உண்மையான அவசரம், எந்தெந்த வேலை நடுவில் நின்றது என்று ஒரு தாளில் எழுதட்டும். பிறகு திட்டமாகக் கேட்கட்டும்: இரவு மீட்டிங் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், ஆன்-காலை நாலு பேர் பகிர்ந்துகொள்வது, இரவு எழுப்பப்பட்டால் மறுநாள் மதியம் வரை ஓய்வு. இது சலுகை கேட்பது போலத் தோன்றும், ஆனால் இல்லை. கூகுளிலேயே சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற அணிகளில் இந்த மாதிரி நெருப்பணைக்கிற வேலை பாதி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மேனேஜர் அசையவில்லை என்றால் அதே கம்பெனிக்குள் வேறு ப்ராஜெக்ட், அதுவும் இல்லையென்றால்தான் வெளியே தேடல். அதையும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். கோபத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு நோட்டீஸ் காலத்தில் இன்னும் நசுங்கிப் போனவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு எல்லாம் இதே வேஷத்தில் வரும். அப்புறம் இன்னொன்று. வேலை மட்டுமில்லாமல், பிடித்த சாப்பாடு, கிரிக்கெட், நண்பர்கள் எதிலுமே நாட்டமில்லை, 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரி பேச்சு வருகிறது என்றால் என் போன்ற ஆலோசகர் போதாது. தள்ளிப் போடாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரியில் பயம் வந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களே என்ற தயக்கம் நம் மலையில் ரொம்ப அதிகம். ஊட்டிக்குப் போகக் கூச்சமாக இருந்தால் கோயம்புத்தூரில் காட்டுங்கள்.

உங்கள் பங்கும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கடன் தவணை அவன் சம்பளத்தில் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். பச்சைத் தேயிலை விலையை நம்பி தவணை கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் தவணையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். மாறாக ஒரு நாள் எல்லாரும் உட்கார்ந்து, ஆறு மாதம் அவன் சம்பளம் குறைந்தாலோ நின்றாலோ எப்படிச் சமாளிப்பது என்று கணக்குப் போடுங்கள். வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி மூச்சுமுட்டல் குறையும். காலையில் ஒன்பது மணி வரை அவன் அறைப் பக்கம் சத்தம் வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். ஆபீஸ் மெசேஜ் வருகிற ஆப்களை அவன் சொந்தப் போனிலிருந்து எடுக்கட்டும், அவசரம் என்றால் கால் பண்ணட்டும்.

சின்னவளைத் தடுக்க வேண்டாம். அவளுக்குக் கணக்கு பிடித்திருந்தால், ஒரு ப்ரோக்ராம் ஓடாதபோது எரிச்சலோடு எரிச்சலாக அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற குணம் இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். அண்ணன் சம்பளத்தைப் பார்த்துக் கேட்கிறாளா என்பதை மட்டும் விசாரியுங்கள்.

மகனை ஒரு சனிக்கிழமை கூட்டி வாருங்கள், சாயங்காலமாக வந்தாலும் பரவாயில்லை. வரும்போது ஆஃபர் லெட்டரும் கடைசி மூன்று சம்பளச் சீட்டும் இருக்கட்டும். நோட்டீஸ் காலம் எத்தனை நாள், மீதி லீவு எவ்வளவு, இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்கிற பாண்டு ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு சொல்ல முடியும்.