மம்பிளில் உள்ளே வருபவர் பெயரைக் குரலில் கேட்க

வணக்கம் மன்னார்குடி நண்பரே. முறைப்பாசனம் பற்றிப் பேசும் உங்கள் விவசாயிகள் குழுவில் சிலர் நுழையும்போது மட்டும் மம்பிள் (இணையத்தில் குழுவாகக் குரலில் பேச உதவும் மென்பொருள்) பெயர் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கான்ஃபிகர் மெனுவில் செட்டிங்ஸ், அதில் மெசேஜஸ். சேனலுக்கு (குழு பேசும் அறைக்கு) வருவது, போவது என்ற இரண்டு வரிகளில் மட்டும் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் (எழுத்தைக் குரலில் வாசிப்பது) கட்டத்தை டிக் செய்திருப்பீர்கள். சர்வரில் இணைந்த கையோடு நேரே உங்கள் சேனலுக்குள் வருபவருக்குத் தனி வரி. சேனலிலிருந்தே இணைப்பைத் துண்டிப்பவருக்கும் தனி வரி. நான்கையும் டிக் செய்யுங்கள். அதே வரிகளில் ஒலிக்கோப்பு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். கான்ஃபிகர் மெனுவிலேயே டெக்ஸ்ட்-டு-ஸ்பீச்சுக்குத் தனி டிக் உண்டு. அது இல்லாவிட்டால் எதுவுமே பேசாது.

விண்டோஸில் இந்தக் குரல் மம்பிளில் தேர்ந்தெடுத்த ஹெட்செட்டுக்குப் போகாது, கணினியின் டிஃபால்ட் ஒலிக்கருவிக்குத்தான் போகும். ஸ்பீக்கரில் ஒலித்தால் உங்கள் மைக் அதைப் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிடும். ஆகவே ஹெட்செட்டையே டிஃபால்ட் ஆக்குங்கள். இது மிக முக்கியம்.

தமிழ் எழுத்தில் உள்ள பெயர்களை ஆங்கிலக் குரல் பெரும்பாலும் விழுங்கிவிடும். லினக்ஸ் என்றால் ஈஸ்பீக்-என்ஜி என்ற குரல் மென்பொருளில் தமிழ் உண்டு. உச்சரிப்பு கரடுமுரடு, ஆனால் ஆள் யாரென்று புரியும்.